“எங்க வீட்ல நான்தான் வாடகைக்கு இருக்கேன்!”

மேடம், வணக்கம்.

எனக்கு 44 வயது. சிதம்பரம் ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிழக்கே, அண்ணாமலை நகரில் சொந்த வீடு. கல்யாணமாகி வந்து 19 வருடமாக இதே தெருதான். என் மாமனார் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். என் கணவரும் அங்கேதான் அலுவலக வேலையில் சேர்ந்தார். 2013-ல் பல்கலைக்கழகத்தை அரசு எடுத்துக்கொண்ட பிறகு உபரி ஊழியர்களை வெளி மாவட்டங்களுக்குப் பணிநிரவல் செய்தார்கள் இல்லையா, அதில் 2017-ல் இவருக்கு தர்மபுரிப் பக்கம் ஓர் அலுவலகம் வந்தது. சம்பளம் ஒழுங்காக வருகிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் சேலம், விருத்தாசலம் என்று பஸ் மாறி வந்து சேர்வதற்குள் ஆள் பாதியாகிவிடுவார். மாதம் இரண்டு தடவை சனிக்கிழமை மத்தியானம் வருவார், ஞாயிறு சாயந்தரம் கிளம்புவார். நடுவில் தூங்குவார். பாவம், எழுப்பவும் மனசு வராது.

மகளுக்கு 17 வயது. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, கணக்கு-கம்ப்யூட்டர் குரூப். மகனுக்கு 12. நாலு வருடத்துக்கு முன்பு லோன் போட்டு மாடி எடுத்தோம். எங்கள் ஊரில் மாடியைத் தனக்கென்று கட்டுகிறவர்கள் குறைவு, படிக்கிற பிள்ளைகளுக்கு விடத்தான் கட்டுவார்கள். நாலு பையன்கள், தலைக்கு 3,000 ரூபாய். லோன் தவணை 11,400. மிச்சம் 600 மோட்டார் கரண்டுக்குப் போய்விடும்.

பையன்களைப் பற்றித் தப்பாகச் சொல்ல எனக்கு வாய் வராது. ஒருத்தனுக்கு டெங்கு வந்தபோது பத்து நாள் கஞ்சியும் நிலவேம்புக் கஷாயமும் நான்தான் மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். அரியலூர்ப் பையனின் அம்மா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவார். “உங்கள நம்பித்தான் அக்கா விட்டிருக்கோம்” என்பார். இருந்தாலும் நாலு ஆம்பளைப் பிள்ளைகள் மேலே இருக்க, கீழே வயசுப் பெண்ணை வைத்திருப்பது மடியில் நெருப்புதான். மாடிப்படி வெளிப்பக்கமாகத்தான் வைத்தோம். ஆனாலும் மகளை மொட்டை மாடிக்கு விடுவதில்லை. அவள் துணியைக்கூடப் பின்கட்டு ரூமில் கொடி கட்டி, ஃபேனைப் போட்டுத்தான் காயவைக்கிறேன். சின்னவன் பாதி நேரம் மேலேதான் கிடப்பான். கிரிக்கெட், பட்டம், அவர்கள் வாங்கிவரும் பஜ்ஜி. அவன் பையன், அவனை என்னவென்று தடுப்பது?

ஊரும் ஊராக இல்லை. செமஸ்டர் லீவில் திருவிழா முடிந்த பந்தல் மாதிரி கிடக்கும். மெஸ், ஜெராக்ஸ் கடை எல்லாம் பாதி ஷட்டர். காலேஜ் திறந்துவிட்டால் ராத்திரி 12 மணி வரை பைக் சத்தம். எங்கள் தெரு முனை விளக்கு எட்டு மாதமாக எரியவில்லை. போன ஆகஸ்டில் ஒரு ராத்திரி எங்கள் கேட்டுக்கு எதிரிலேயே இரண்டு பையன்கள் பைக்கோடு விழுந்தார்கள். மணல் கொட்டிக் கிடந்தது இருட்டில் தெரியவில்லை. 108 வருகிற வரைக்கும் ஒருத்தன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். நைட்டியெல்லாம் ரத்தம். “அம்மாகிட்ட சொல்லிடாதீங்க ஆன்ட்டி” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். பிழைத்துவிட்டான். மறுநாளிலிருந்து என் மகள் சைக்கிளில் கணக்கு டியூஷன் போவதை நிறுத்திவிட்டேன். ரயில்வே மேம்பாலம் தாண்டி மேலவீதிப் பக்கம் போக வேண்டும், திரும்பி வர எட்டு மணி ஆகும். “யூடியூப்ல பாத்துப் படிச்சுக்கோ” என்றேன். அவளும் மறுபேச்சு பேசவில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம் எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டு, “உம் பொண்ணும் மேல்வீட்டுப் பையனும் ஜெராக்ஸ் கடை வாசல்ல நின்னு பேசிட்டிருந்தாங்க. நான் ஒண்ணும் சொல்லல, பாத்துக்கோ” என்றார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. மகள் தூங்கிய பிறகு அவள் விரலை எடுத்து வைத்தே போனைத் திறந்தேன். எழுதவே கூசுகிறது, ஆனால் செய்ததைத்தானே சொல்ல வேண்டும்.

அரியலூர்ப் பையன், இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம். தீபாவளி கழிந்ததிலிருந்து மெசேஜ் இருந்தது. முக்கால்வாசி கணக்குதான். இவள் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்புவாள், அவன் வெள்ளைத் தாளில் போட்டுக் காட்டித் திருப்பி அனுப்புவான். தொகையிடல், வெக்டார் என்று வரிசையாக. கீழே “புரிஞ்சுதா?” என்று ஒரு வரி. இவள் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள். மூச்சு வந்தது எனக்கு. அப்புறம் புத்தாண்டு அன்றைக்குப் போட்டதைப் பார்த்தேன். அவன், “நாங்க கேக் வெட்டினோம், தம்பி வந்தான். நீ ஏன் மொட்டை மாடிக்கே வர்றதில்ல?” என்று கேட்டிருக்கிறான். இவள் எழுதியிருக்கிறாள்: “அது உங்க மாடிண்ணா. எங்க வீட்ல நான்தான் வாடகைக்கு இருக்கேன்.”

எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. காதல் கீதல் என்று ஏதாவது இருந்திருந்தால்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டேனோ என்னவோ. விடியற்காலையில் அவளை எழுப்பி, “வெளியாள்கிட்ட வீட்டைப் பத்திப் பேசுவியா?” என்று கத்தினேன். போனைப் பிடுங்கிப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இன்றோடு 11 நாள். நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் தட்டு எடுக்கிறாள். கேட்டதற்கு “ம்” மட்டும்தான். ஒரே ஒரு நாள் வாயைத் திறந்தாள்: “ரிசல்ட் வந்ததும் எந்த ஊரா இருந்தாலும் போயிடறேன். இங்க மட்டும் வேணாம்.” நடந்துபோகிற தூரத்தில் பல்கலைக்கழகம், ஊர் உலகமெல்லாம் தேடிவந்து படிக்கிற இடம். என் பெண்ணுக்கு மட்டும் அது வேண்டாமாம்.

பையன்களை உடனே காலி பண்ணச் சொல்லிவிடலாமா? என் கணவரிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அங்கே தனியாக உட்கார்ந்து மருகுவார், அல்லது கோபத்தில் ஏதாவது செய்துவிடுவார். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. இவளை வெளியூரில் விட்டுப் படிக்கவைக்க எனக்குத் தைரியமும் இல்லை, இவளைப் பிடித்து வைக்கவும் வழி தெரியவில்லை.

– பெயர் வேண்டாம், அண்ணாமலை நகர்

~

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை முதல் தடவை ஆலோசகராகப் படிக்கவில்லை, பழைய குடித்தனக்காரியாகப் படித்தேன். முப்பது வருடத்துக்கு முன் நான் எம்.ஏ. படித்தது உங்கள் ஊரில்தான். விடுதியில் ஓராண்டு, அப்புறம் மூன்று தோழிகளோடு ஒரு வீட்டு மாடியில் ஓராண்டு. ராஜேந்திரன் சிலைப் பக்கம் டீ, ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய் கத்தரிக்காய் கொத்சு. வீட்டுக்காரம்மாவுக்கு எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிற ஒரு பெண் இருந்தாள். சாயந்தரமானால் புத்தகத்தோடு மொட்டை மாடிக்கு வந்துவிடுவாள். மேற்கே சூரியன் இறங்கும்போது கோபுரம் இரண்டு தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் படிப்பாள். நாங்கள் பெண்கள் என்பதால் அவளுக்கு மாடி பறிபோகவில்லை என்பது இத்தனை வருடம் கழித்து உங்கள் கடிதத்தைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

உங்கள் மகளுக்குப் பறிபோய்விட்டது. எப்போது என்று கணக்குப் போடுங்கள். மாடி எடுத்து நாலு வருடம் என்கிறீர்கள், அப்போது அவளுக்கு 13. உடம்பும் மனசும் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் தனிமைக்கும் ஏங்குகிற வயது. கீழே நீங்கள், தம்பி, டிவி, குக்கர் சத்தம். மேலே திறந்த வெளி. அதை 12,000 ரூபாய்க்கு வேறு நாலு பேருக்குக் கொடுத்தோம். கொடுத்தது தப்பில்லை, 1929-ல் பல்கலைக்கழகம் வந்த நாளிலிருந்து உங்கள் ஊர் வீடுகள் எத்தனையோ இப்படித்தான் கடன் அடைத்து, நகை மீட்டு, பெண்ணைக் கட்டிக் கொடுத்திருக்கின்றன. ஆனால் கொடுக்கும்போது அதற்கு விலையாக எதை வைத்தோம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளாகவே கண்டுபிடித்து ஒரே வரியில் எழுதிவிட்டாள். உங்களுக்கு ஆத்திரம் வந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பொய்யாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள்.

நீங்கள் எழுதிய வரிசையிலேயே ஒன்றைக் காட்டுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். தெரு விளக்கு எரியவில்லை, பையன்கள் பைக்கில் விழுந்தார்கள், உங்கள் மகளின் சைக்கிள் நின்றது. சைக்கிள் நின்றதால் டியூஷன் நின்றது. டியூஷன் நின்றதால் தொகையிடல் புரியவில்லை. யூடியூப்காரரிடம் “சார், இந்த ஸ்டெப் எப்படி வந்தது?” என்று கேட்க முடியாது. கேட்கக்கூடிய தூரத்தில் கணக்குத் தெரிந்த ஆள் யார்? தலைக்கு மேலே ஒருவன். கேட்டாள். இப்போது அதற்கும் தண்டனை, போன் பீரோவுக்குள். எந்தப் பையனோடு பேசிவிடக்கூடாது என்று பயந்தீர்களோ அவனிடம் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நீங்கள் போட்ட தடைதான். அந்த விளக்கு மட்டும் இன்னும் எரியவில்லை.

கிளினிக்கில் நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். ஊரில் எது கெட்டுப்போனாலும் வீட்டில் பெண்பிள்ளைக்கு ஒரு சட்டம் கூடும். பைக் ஓட்டுகிறவன் பைக்கை நிறுத்த மாட்டான், குடிக்கிறவன் குடியை விட மாட்டான், அவர்களை எதுவும் செய்ய முடியாத இயலாமையில் நம் கைக்கு எட்டுகிற ஒரே ஆளை இழுத்து உள்ளே விட்டுக் கதவைச் சாத்துகிறோம். பயம் அப்போதைக்கு அடங்குகிறது. உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ரத்தம் வழிகிற ஒரு பிள்ளையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தீர்கள். அதைப் பற்றி யாரிடமாவது பேசினீர்களா? கணவர் தர்மபுரியில். அக்கம்பக்கத்தில் “பிழைச்சுட்டானாம்” என்பதோடு பேச்சு முடிந்திருக்கும். மறுநாள் காலையிலேயே சைக்கிளை நிறுத்தியிருக்கிறீர்கள். அந்த முடிவை நீங்கள் எடுக்கவில்லை, முந்தின ராத்திரி எடுத்தது. இப்போதும் பைக் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்கிறதா, தூக்கம் கலைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி இருந்தால் 14416-க்குக் கூப்பிட்டுப் பேசலாம். டெலி மனஸ் என்ற அரசு மனநலச் சேவை அது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள். இதை மகளுக்காகச் சொல்லவில்லை, உங்களுக்காகச் சொல்கிறேன்.

விளக்கு விஷயத்தைப் பெரிய போராட்டமாக்க வேண்டாம். கம்பத்தில் எண் எழுதியிருக்கும், அதைக் குறித்துக்கொண்டு தெருவில் பத்து வீட்டுக் கையெழுத்தோடு ஒரு மனு. முதல் கையெழுத்தை எதிர்வீட்டு அக்காவிடம் வாங்குங்கள். ஜெராக்ஸ் கடை வாசல் வரைக்கும் தெரிகிற கண்ணுக்குத் தெரு முனை இருட்டும் தெரியாமலா இருக்கும்? மனுவை மகள் கையால் எழுதச் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். வேண்டாம், பரீட்சை நேரம். மேல்வீட்டுப் பையன்களில் ஒருவன் எழுதட்டும், அவர்களும் அந்தத் தெருவில்தான் பைக் ஓட்டுகிறார்கள்.

இப்போது அந்தப் பையன். “அண்ணா” என்கிறாள் என்று உங்களுக்கு மூச்சு வந்தது. அந்த ஒரு சொல்லை நம்பி நிம்மதியாகவும் வேண்டாம், அதை நம்பாமல் பதறவும் வேண்டாம். 17 வயதில் தன் கணக்கைப் பொறுமையாகப் போட்டுக் காட்டுகிறவன் மேல் ஒரு பிரியம் வருவது இயற்கை. அது எந்தப் பக்கம் போகும் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. நீங்கள் படித்த வரையில் அதில் தப்பாக ஒரு வரிகூட இல்லை. இன்னொன்றையும் கவனித்தேன். “நீ ஏன் மாடிக்கு வர்றதில்ல?” என்று அவன் கேட்டிருக்கிறான். நாலு வருடத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் கேட்ட ஒரே ஆள் அவனாக இருக்கலாம்.

அதே சமயம் அவனுக்கு 20, அவளுக்கு 17. பதினெட்டு முடியாத எவரும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி குழந்தைதான். எல்லை மீறி ஏதாவது நடந்தால் அவள் சம்மதித்தாள் என்ற பேச்சே அங்கே எடுபடாது. அவனுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். மிரட்டலாக வேண்டாம். டெங்குவில் கஞ்சி கொடுத்த உரிமை உங்களுக்கு இருக்கிறது. “தம்பி, பாப்பாவுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கிறியாமே, சந்தோஷம். இனிமே கீழ வந்து ஹால்ல உக்காந்து சொல்லிக் குடு, நான் காபி போட்டுத் தர்றேன்” என்று சொல்லிப் பாருங்கள். நோக்கம் சுத்தமாக இருந்தால் வருவான். தயங்கினால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல். ஆனால் இதை அவனிடம் பேசுவதற்கு முன்னால் மகளிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மறுபடியும் அவளுக்குத் தெரியாமல் அவள் விஷயத்தில் எதுவும் நடக்கக்கூடாது. டியூஷனுக்கும் அதேதான். பரீட்சை வரைக்கும் ஏழு மணிக்குள் முடிகிற மாதிரி நேரத்தை மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். திரும்பும்போது வேண்டுமானால் மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம் நீங்கள் நின்றுகொள்ளுங்கள். சைக்கிளுக்குக் காற்று அடித்து வையுங்கள்.

பையன்களைக் காலி செய்யச் சொல்வது பற்றி. வேண்டாம். செமஸ்டர் நடுவில் நாலு பிள்ளைகள் எங்கே போவார்கள்? இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இன்று அவர்களைத் துரத்தினால் “பொண்ணு விஷயம்” என்று நாளைக்குத் தெரு பேசும், அந்தப் பேச்சை உங்கள் மகள் மார்ச் மாதப் பரீட்சை ஹாலுக்குள் தூக்கிக்கொண்டு போவாள். மே மாதம் அவர்கள் ஊருக்குக் கிளம்பும்வரை இருக்கட்டும். அடுத்த வருடம் மாடியைப் படிக்கிற பெண்களுக்கோ நர்ஸ் வேலை பார்க்கிறவர்களுக்கோ ஒரு குடும்பத்துக்கோ விடலாமா என்று நிதானமாக யோசியுங்கள். தலைக்கு 3,000 கணக்கு குடும்பத்துக்கு விட்டால் வராது, ஆயிரம் இரண்டாயிரம் குறையும், அதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். யாருக்கு விட்டாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் அதைக் கேட்கிறது. அந்த ஒப்பந்தத்திலேயே மொட்டை மாடி வாடகையில் சேராது, வீட்டுக்காரர் உபயோகத்துக்கு என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஆனால் மே மாதம் வரைக்கும் அவள் காத்திருக்கத் தேவையில்லை. பையன்களைக் கூப்பிட்டு, “சாயந்தரம் அஞ்சுலேர்ந்து ஏழு வரைக்கும் மொட்டை மாடி எங்களுக்கு, பாப்பா படிக்கணும்” என்று சொன்னால் அவர்கள் மறுக்கப்போவதில்லை. அந்த நேரத்தில் முதல் சில நாள் நீங்களும் ஒரு பாயைப் போட்டு, கீரை ஆய்ந்துகொண்டோ வெங்காயம் உரித்துக்கொண்டோ மேலேயே இருங்கள். அவள் பேசுவாள் என்று எதிர்பார்க்க வேண்டாம், பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. சின்னவனுக்கும் அந்த இரண்டு மணி நேரம் மேலே வேலையில்லை என்று சொல்லிவிடுங்கள். முகம் சுளிப்பான், சுளிக்கட்டும். “அவன் பையன், அவனை என்னவென்று தடுப்பது” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வாக்கியத்தை அவள் வீட்டில் எத்தனை தடவை கேட்டிருப்பாள்! அப்புறம் அந்தத் துணி. பின்கட்டு ரூமில் ஃபேனில் காய்ந்த துணியை, அதுவும் உங்கள் ஊர் ஐப்பசி கார்த்திகையில், உடம்பில் போட்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும். கொடியை மேலே மாற்றுங்கள். நாலு பையன்களும் அம்மா, அக்கா, தங்கச்சி துணி காய்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான்.

கணவரிடம் சொல்லுங்கள். அவர் தூங்கி எழுந்த பிறகு, ஞாயிறு காலையில். “பொண்ணு பையன்கூட பேசறா” என்று ஆரம்பித்தால் நீங்கள் பயப்படுகிற கோபம்தான் வரும். ஆகஸ்ட் ராத்திரியிலிருந்து ஆரம்பியுங்கள். எட்டு வருடமாகத் தனியாக ஒரு வீட்டைச் சுமக்கிறீர்கள், அவரும் அங்கே தனியாகத்தான் கிடக்கிறார். அவர் மருகுவார் என்று மறைத்துக்கொண்டே வந்தால், வீட்டில் நடப்பது எதுவும் தெரியாத விருந்தாளியாகவே அவர் வந்துபோவார்.

வெளியூர்ப் படிப்பு பற்றி இப்போது பேசவே பேசாதீர்கள். மே மாதம் ரிசல்ட், அதற்கப்புறம் கலந்தாய்வு. நேரம் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். வெளியூர் என்றால் செலவை நினைத்து மலைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். அவள் “இங்க மட்டும் வேணாம்” என்றது பல்கலைக்கழகத்தை வேண்டாம் என்பதா, பின்கட்டு ரூமை வேண்டாம் என்பதா என்று அவளுக்கும் இப்போது பிரித்துச் சொல்லத் தெரியாது. இரண்டு மாதம் மொட்டை மாடியில் உட்கார்ந்து படித்த பிறகும் கோயம்புத்தூர்தான் வேண்டும் என்றால் அனுப்பிவையுங்கள். அரியலூர்க்கார அம்மாவுக்கு உங்களை நம்பி விட முடிந்தது இல்லையா, உங்கள் மகளுக்கும் போகிற ஊரில் ஒரு வீட்டுக்காரம்மா இருப்பார்.

கடைசியாகப் போன். தூங்குகிறவள் விரலை எடுத்து வைத்தேன் என்று எழுதக் கூசினாலும் எழுதிவிட்டீர்கள், அதை அவளிடமும் சொல்லிவிடுங்கள். எப்படித் திறந்தீர்கள் என்று அவள் 11 நாளாக யோசித்துக்கொண்டிருப்பாள். “நான் செஞ்சது தப்பு. உன் போன இனிமே உன்னக் கேக்காமத் தொட மாட்டேன்” என்பது போதும், அதற்கு மேல் “ஆனா நீயும்...” என்று ஒரு வார்த்தை வேண்டாம். அந்த வாடகை வரியைப் படித்ததையும் சொல்லுங்கள். “நீ எழுதினது சரிதான்” என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், முடியாவிட்டால் சும்மா இருங்கள். இன்றைக்கே பீரோவைத் திறந்து எடுங்கள். சார்ஜ் சுத்தமாக இறங்கிப்போயிருக்கும், ஏற்றிவிட்டுக் கொடுங்கள்.